திருப்பூர் யூனிட்டுக்கு கம்ப்யூட்டர் ஏஎம்சி: மூணு கொட்டேஷன் கையில, எதைப் போடறது?

#1 – பனியன்_கணக்கு

வணக்கம்ங்க. திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட். ஆபீஸ், கட்டிங், பேக்கிங் மூணும் ஒரே கட்டடம். இதுவரைக்கும் ரிப்பேர் வந்தா ஆளைக் கூப்பிட்டு, வந்ததுக்குக் காசு. இனிமே ஏஎம்சி, அதாவது வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் போடச் சொல்லிட்டாங்க. இருக்கற சாமான்:

டெஸ்க்டாப் 9. இதுல 4 பழசு: ஐ3 நாலாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. மீதி 5 ஐ5 பத்தாம் தலைமுறை, எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. லேப்டாப் 2. கணக்குக்கு டேலி பிரைம் கோல்டு (பல மெஷின்ல ஓடற லைசென்ஸ்), டேட்டா இருக்கறது பழைய ஐ3 ஒண்ணுல. லேசர் பிரிண்டர் 2, டாட் மேட்ரிக்ஸ் 1, பேக்கிங்ல பார்கோடு லேபிள் பிரிண்டர் 1. எட்டு கேமராவுக்கு டிவிஆர் (பதிவுப் பெட்டி). ஃபைபர் நெட் ஒரே கனெக்‌ஷன்.

வந்த கொட்டேஷன்: முதல் பார்ட்டி லேபர் மட்டும், மெஷினுக்கு வருஷம் 1,500. ரெண்டாவது பார்ட்ஸோட 3,600. மூணாவது ஒப்பந்தமே வேண்டாம், ஒரு தடவை வந்தா 500ங்கறார். 11 மெஷினுக்கு 18% ஜிஎஸ்டி சேர்த்தா முதலாவது 19,470, ரெண்டாவது 46,728. ரெண்டாவது பார்ட்டி "எல்லாம் நாங்க பாத்துக்கறோம்"னு சொல்றாங்க. எது சரி?

#2 – ஸ்பேனர்

ரெண்டாவது கொட்டேஷனோட பின்பக்கத்தை முதல்ல படிங்க. யூபிஎஸ் பேட்டரி, லேப்டாப் பேட்டரி, அடாப்டர், கீபோர்டு, மவுஸ், டோனர், ஃப்யூசர் (லேசர் பிரிண்டர்ல சூடாகற பாகம்), பிரிண்டர் ஹெட், மின்சாரத்தால எரிஞ்சது, கீழ விழுந்தது, எலி கடிச்சது, இது அத்தனையும் சேராதுன்னு போட்டிருப்பாங்க. அதைக் கழிச்சா மிச்சம் போர்டு, ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை)தான். உங்க அஞ்சு ஐ5ல எஸ்எஸ்டிக்கு கம்பெனி வாரண்டியே மூணோ அஞ்சோ வருஷம் இருக்கும். பில்லைத் தேடி எடுத்தா இன்னும் ஓடிக்கிட்டிருக்கலாம். அதுக்கு நீங்க ரெண்டாவது தடவை பணம் கட்ட வேண்டியதில்லை.

நாலு பழசு? அந்தத் தலைமுறை போர்டை பெரிய கம்பெனிங்க நிறுத்தியாச்சு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கறது கழட்டின போர்டு, இல்லைன்னா பேர் தெரியாத பிராண்டு. "பார்ட்ஸோட"ன்னு ஒப்பந்தம் போட்டாலும் உங்களுக்கு வரப்போறது அதுதான்.

ரெண்டுக்கும் வித்தியாசம் 27,258. லேபர் மட்டும் போட்டுட்டு, மிச்சத்துல ஒரு அலமாரித் தட்டு ஒதுக்கி இதை வாங்கி வைங்க: 500 ஜிபி எஸ்எஸ்டி 1, 450 வாட் எஸ்எம்பிஎஸ் 1, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் 1, கீபோர்டு மவுஸ் 2 செட், 8 போர்ட் ஸ்விட்ச் 1, பேட்ச் கார்டு (நெட்வொர்க் ஒயர்) 5, 2032 காயின் பேட்டரி 4. பார்ட்ஸ் வாங்க டெக்னீஷியன் ஊர் பூரா சுத்தற நேரம் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. டெஸ்க்டாப் டெல், எச்பி மாதிரி பிராண்டா இருந்தா பல மாடல்ல சாதா எஸ்எம்பிஎஸ் சேராது. போர்டுக்குப் போற கனெக்டரோ பெட்டி அளவோ வேறயா இருக்கும். மூடியைத் திறந்து பாத்துட்டு வாங்குங்க. லேப்டாப்புக்கு ரேம் ஸ்லாட் இருக்கா, போர்டோட ஒட்டினதான்னும் அப்பவே குறிச்சு வைங்க.

#3 – கோவை_சர்வீஸ்

சர்வீஸ் தரப்பிலிருந்து சொல்கிறேன். விலையை விட ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். இவை இல்லாத பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள்:

மெஷின் பட்டியல். மாடல், சீரியல் நம்பர், ரேம், டிஸ்க் அளவு. ரேம் 8 ஜிபி இருந்த மெஷின் சர்வீஸுக்குப் போய் 4 ஜிபியோடு வந்தது என்ற சண்டையெல்லாம் இந்தப் பட்டியல் இல்லாததால் வருவது. ஒப்பந்தம் ஆரம்பிக்கும் முன் இரண்டு தரப்பும் சேர்ந்து ஒவ்வொரு மெஷினையும் போட்டுப் பார்த்து, ஏற்கனவே உள்ள பழுதை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

எத்தனை மணி நேரத்தில் வருவார்கள் என்பதும், எத்தனை மணி நேரத்தில் சரி செய்வார்கள் என்பதும் வேறு வேறு. "4 மணி நேர ரெஸ்பான்ஸ்" என்றால் நான்கு மணி நேரத்தில் ஒரு பையன் வந்து பார்த்துவிட்டு "போர்டு போச்சு" என்று சொல்லிப் போவதும் அதில் அடங்கும். டேலி டேட்டா உள்ள மெஷின் நின்றால் அன்றைக்கே மாற்று மெஷின், மற்றவற்றுக்கு அடுத்த வேலை நாள் என்று இரண்டு தட்டாகப் பிரித்து எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் 2 மணி நேரம் என்று கேட்டால் எவனும் செய்ய மாட்டான், ஆனால் ஒத்துக்கொள்வான்.

மாதம் இரண்டு முறை அழைக்காமலே வந்து பார்ப்பது. தேதியை முன்கூட்டியே குறியுங்கள். வந்தால் என்ன பார்த்தார் என்று ஒரு தாளில் எழுதி ஆபீஸில் கையெழுத்து. இந்தத் தாள் இல்லாவிட்டால் இரண்டாவது மாதத்திலிருந்து அவர் வருவதே நின்றுவிடும்.

பணம் காலாண்டுக்கு ஒருமுறை, காலாண்டு முடிந்த பிறகு. முழு வருடத் தொகையையும் முன்பணமாகக் கேட்பவரிடம் முதல் காலாண்டு மட்டும் முன்பணம் என்று பேசிப் பாருங்கள். விலக 30 நாள் நோட்டீஸ் போதும்.

கழற்றிய பழைய பார்ட் உங்களுடையது, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். டேட்டா உள்ள டிஸ்க் ஆபீஸை விட்டு வெளியே போகக் கூடாது, போனால் ரசீது. இந்த இரண்டு வரியையும் கையால் எழுதியாவது சேருங்கள்.

#4 – லெட்ஜர்_அக்கா

திருப்பூர்ல வாரக் கூலி சனிக்கிழமை. அன்னிக்கு மத்தியானம் சிஸ்டம் படுத்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. மாசாமாசம் போடற ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி, 3பிக்கு 20ஆம் தேதி கடைசி. அதனால ஒப்பந்தத்துல "சனிக்கிழமை மாலை 7 வரை, மாதம் 10, 11, 19, 20 தேதிகளில் முன்னுரிமை"ன்னு வரியாவே போடுங்க. சர்வீஸ்காரங்க பலருக்கு சனி மத்தியானத்தோட வேலை முடிஞ்சுடும்.

அந்த நாளுங்கள்ல விண்டோஸ் அப்டேட், ஃபார்மேட், ஆன்டிவைரஸ் மாத்தறது எதையும் தொடக் கூடாது. காரணம் டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கற யுஎஸ்பி). ஜிஎஸ்டி தளத்துல கையெழுத்துப் போடற எம்சைனர்ங்கற மென்பொருள் அந்த மெஷினுக்குள்ளேயே 1585ங்கற போர்ட்ல பேசுது. புது ஆன்டிவைரஸோ ஃபயர்வாலோ அதை அடைச்சா "கனெக்‌ஷன் கிடைக்கலை, எம்சைனரை ரீஸ்டார்ட் பண்ணு"ன்னு வரும். டோக்கன் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அலைவாங்க. எம்சைனரை மூடிட்டு, வலது கிளிக்ல அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து பாருங்க. போகலைன்னா ஃபயர்வால்ல அனுமதி குடுங்க.

டேலி விஷயத்துல ரெண்டு. ஒண்ணு, லைசென்ஸ் எந்த ஈமெயில்ல பதிவாகியிருக்குன்னு இன்னிக்கே பாருங்க. வித்த டீலரோ பழைய அக்கவுண்டண்டோ தன் ஈமெயிலைப் போட்டு வெச்சிருப்பாங்க. மெஷின் நல்லா இருக்கும்போது ஃபார்மேட் பண்ணினா முதல்ல லைசென்ஸை சரண்டர் பண்ணிட்டு (அந்த மெஷின்ல இருந்து விடுவிச்சுட்டு) பண்ணணும். டிஸ்க் செத்துப்போய் சரண்டர் பண்ண முடியலைன்னா, பதிவான ஈமெயில்ல போய் ரீசெட் பண்றதுதான் வழி. அந்த ஈமெயில் ஊரை விட்டுப் போன ஆளோடதா இருந்தா, கூலி நாளன்னிக்கு அவரைத் தேடணும்.

ரெண்டு, உங்களுது பிரைவேட் லிமிடெடா? ஆமான்னா 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருள்ல யார் எதை எப்ப மாத்தினாங்கங்கற தடம் அணைக்க முடியாதபடி இருக்கணும். கணக்கோட பேக்கப் தினமும் எடுத்து இந்தியாவுக்குள்ள இருக்கற சர்வர்ல வைக்கணும்ங்கறதும் விதி. சர்வீஸ் பையன் "இது வேகமா ஓடும்"னு பழைய வெர்ஷனைப் போட்டுட்டுப் போனா ஆடிட் ரிப்போர்ட்ல குறிப்பு ஏறிடும். தனி உரிமையாளர், பார்ட்னர்ஷிப்புக்கு இந்த விதி கிடையாது.

#5 – பனியன்_கணக்கு

ரொம்ப நன்றிங்க. பார்ட்னர்ஷிப்தான் அக்கா. டேலி ஈமெயில் பாத்தேன், டீலரோடதுதான் இருக்கு, மாத்தச் சொல்லியாச்சு.

ரெண்டு கேள்வி. பேக்கப் இப்ப டேலி டேட்டா ஃபோல்டரை கூகுள் டிரைவ்ல சிங்க் போட்டு வெச்சிருக்கோம், போதுமா? அப்புறம் அந்த ஐ3 நாலுலயும் விண்டோஸ் 11 "எப்படியாவது" போட்டுத் தர்றேன்னு முதல் பார்ட்டி சொல்றார், போடலாமா?

#6 – ஸ்பேனர்

சிங்க் பேக்கப் இல்லைங்க. டேலி திறந்திருக்கும்போது ஃபைல் மாறிக்கிட்டே இருக்கும். சிங்க் பாதி ஃபைலைப் புதுசாவும் பாதியைப் பழசாவும் மேல ஏத்தும். திருப்பி எடுத்தா டேலில கம்பெனியே திறக்காது. ரேன்சம்வேர் (ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேக்கற வைரஸ்) பூட்டின ஃபைலையும் அதே ஒழுங்கோட மேல ஏத்திடும். கூகுள் டிரைவ் பழைய பிரதிகளை 30 நாள் அல்லது 100 பிரதி வரைக்கும் வெச்சிருக்கும்தான். ஆனா ஒவ்வொரு ஃபைலா பின்னாடி போய் எடுக்கற வேலை, டேலி ஃபோல்டர்ல இருக்கற எண்ணிக்கைக்கு நடக்காது.

இப்படிப் பண்ணுங்க. ஐ5ல ஒண்ணை பேக்கப் மெஷினா வைங்க. ராத்திரி 9 மணிக்கு, எல்லாரும் டேலியை மூடின பிறகு, அந்த மெஷின்ல டாஸ்க் ஷெட்யூலர் வழியா ரோபோகாப்பி (விண்டோஸோடயே வர்ற காப்பி கருவி) ஓடி டேலி மெஷின்ல இருந்து டேட்டாவை *இழுத்துக்கணும்*. டேலி மெஷினுக்கு பேக்கப் மெஷின்ல எழுத அனுமதியே இருக்கக் கூடாது. அப்பதான் டேலி மெஷின்ல வைரஸ் புகுந்தாலும் பிரதியைத் தொட முடியாது. திங்கள் முதல் சனி வரைக்கும் ஆறு ஃபோல்டர், அந்தந்தக் கிழமை அந்தந்த ஃபோல்டர். ஒரே ஃபோல்டர்ல மிரர் போட்டா, காலையில அழிஞ்ச ஃபைல் ராத்திரி பேக்கப்லயும் அழிஞ்சுடும்.

அதுக்கு மேல 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ரெண்டு. சனிக்கிழமை ஒண்ணுல காப்பி எடுத்துக் கழட்டி முதலாளி வீட்டுக்கு. அடுத்த சனி அது வரும், இன்னொண்ணு போகும். எப்பவும் சொருகியே கிடக்கற டிஸ்க்கை ரேன்சம்வேர் சேர்த்துப் பூட்டும், அதை பேக்கப் கணக்குல சேர்க்காதீங்க.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை, சர்வீஸ் ஆள் முன்னால, ஒரு பிரதியை வேற மெஷின்ல வேற ஃபோல்டர்ல போட்டு டேலில திறக்கணும். கடைசி வவுச்சர் தேதி, டிரையல் பேலன்ஸ் மொத்தம் ரெண்டையும் ஒப்பிட்டு அந்த விசிட் தாள்ல எழுதணும். இதை ஒப்பந்தத்துலயே சேருங்க.

டேலி மட்டும் டேட்டா இல்லை. பேக்கிங் மெஷின்ல லேபிள் டிசைன் ஃபைல், கட்டிங்ல மார்க்கர் ஃபைல் (துணி வெட்டற வரைபடம்), மெயில் ஃபைல், பையர் வாட்ஸ்அப்ல அனுப்பி டெஸ்க்டாப்லயும் டவுன்லோட்ஸ்லயும் குவிஞ்சு கிடக்கற ஸ்பெக் ஷீட். ஃபார்மேட் பண்ணும்போது காணாமப் போறது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான்.

#7 – கோவை_சர்வீஸ்

ஐ3 பற்றி. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். நாலாம் தலைமுறையில் சோதனையைத் தாண்டிக் குதித்துப் போட முடியும், ஓடவும் ஓடும். ஆனால் மைக்ரோசாஃப்ட் ஆதரவு கிடையாது, வருடாந்திரப் பெரிய அப்டேட் தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் போட வேண்டும். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வணிகப் பயன்பாட்டுக்கு நீட்டிப்பு வாங்கலாம். முதல் வருடம் மெஷினுக்கு 61 டாலர், ஒவ்வொரு வருடமும் இரட்டிப்பு, மூன்று வருடத்தோடு சரி. நாலாம் தலைமுறை மெஷினுக்கு அந்தப் பணம் வீண்.

நான்கில் டேலி டேட்டா உள்ளதை உடனே மாற்றுங்கள். இந்தப் பட்டியல் முழுவதிலும் ஆபத்தான பொருள் அதுதான்: பழைய ஹார்ட் டிஸ்க், ஆதரவு முடிந்த விண்டோஸ், மொத்தக் கணக்கும் அதில். ஐ5 ஒன்றுக்கு 16 ஜிபி ரேம் போட்டு டேட்டாவை நகர்த்துங்கள். பேக்கிங்கில் லேபிள் மட்டும் அடிக்கும் ஐ3க்கு எஸ்எஸ்டி போட்டு, இன்டர்நெட்டைத் துண்டித்து, இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம்.

திருட்டு விண்டோஸ் போட்டு, லைசென்ஸ் இருப்பதுபோல் காட்டும் ஆக்டிவேட்டரை ஓட்டும் ஆளாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த ஆக்டிவேட்டரை ஓட்ட அவர் முதலில் செய்வது ஆன்டிவைரஸை அணைப்பது. பல சமயம் திரும்பப் போட மறந்துவிடுவார்.

#8 – ஒயர்மேன்_ஈரோடு

எல்லாரும் சாஃப்ட்வேரே பேசறீங்க. பனியன் யூனிட்ல கம்ப்யூட்டரைக் கொல்றது பஞ்சு. கட்டிங் பக்கத்துல இருக்கற மெஷினைத் திறந்தா, சிபியு ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவுல பஞ்சு படிஞ்சு கம்பளித் துணி மாதிரி ஒரே தகடா உரிஞ்சு வரும். வெளியில இருந்து பாத்தா ஃபேன் சுத்தும், காத்து மட்டும் உள்ளே போகாது. மெஷின் காலையில நல்லா ஓடி பதினோரு மணிக்கு மேல இழுக்கும், அப்புறம் தானா ஆஃப் ஆகும். இதைப் பாத்துட்டு "வைரஸ், ஃபார்மேட் பண்ணணும்"பாங்க.

கட்டிங், பேக்கிங் மெஷினுக்கு மாசம் ஒரு தடவை, ஆபீஸுக்கு மூணு மாசம் ஒரு தடவை ப்ளோயர். கரண்டைக் கழட்டிட்டு, வெளியே தூக்கிட்டுப் போய் அடிக்கணும். ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கணும், ப்ளோயர் வேகத்துல சுத்த விட்டா பேரிங் போகும். எஸ்எம்பிஎஸ் உள்ளயும் அடிக்கணும், பஞ்சு கருகற வாசனை வர்றது அங்கேதான்.

அடுத்து எர்த். தையல் மெஷின் எல்லாம் ஓடும்போது கம்ப்யூட்டர் பிளக்ல நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல வோல்ட் பாருங்க. 2 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். 5, 10ன்னு காட்டினா எர்த் குழியையும் நியூட்ரல் இணைப்பையும் எலக்ட்ரீஷியன் பாக்கணும். ஜெனரேட்டர்ல ஓடும்போதும் தனியா ஒரு தடவை அளங்க. ஈபி கரண்ட்ல ஓடினா சரியா இருக்கும், ஜெனரேட்டர்ல மோசமா இருக்கும், அப்படியும் வரும். இதைச் சரி பண்ணாம எத்தனை எஸ்எம்பிஎஸ் மாத்தினாலும் போய்க்கிட்டேதான் இருக்கும். ஏஎம்சில "மின்சாரத்தால எரிஞ்சது சேராது"ன்னு ஸ்பேனர் சொன்னாரே, அந்த வரி உங்க தலையிலதான் விழும்.

600 விஏ யூபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். அதுல லேசர் பிரிண்டரை மாட்டாதீங்க. ஃப்யூசர் சூடாகற நேரம் இழுக்கற கரண்டுக்கு யூபிஎஸ் சத்தம் போட்டு அணையும், கூடவே கம்ப்யூட்டரும். உள்ள இருக்கற 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ரெண்டு மூணு வருஷம்தான் தாங்கும். மாத்தின தேதியை மேல மார்க்கர்ல எழுதி வைங்க. ரூட்டருக்கும் ஸ்விட்ச்சுக்கும் தனி யூபிஎஸ்.

#9 – கேபிள்_தம்பி

பனியன்_கணக்கு அண்ணா, டிவிஆரை ஆபீஸ் நெட்வொர்க்ல இருந்து பிரிச்சு வைங்க. போன்ல கேமரா பாக்கணும்னு ரூட்டர்ல போர்ட் திறந்து விட்டிருந்தா மூடிடுங்க, பாஸ்வேர்டு ஃபேக்டரி பாஸ்வேர்டா இருந்தா மாத்துங்க. அதே மாதிரி "வீட்டுல இருந்து டேலி பாக்கலாம்"னு ஆர்டிபியோட (தூரத்துல இருந்து மெஷினை ஓட்டற வசதி) 3389 போர்ட்டை வெளியே திறந்து விடறவங்க இருக்காங்க. ரேன்சம்வேர் நுழையற வாசலே அது. வேணும்னா விபிஎன் (பூட்டின தனி இணைப்பு) போடச் சொல்லுங்க.

பிரிண்டர் "ஆஃப்லைன்"னு வாராவாரம் புகார் வந்தா பாதி நேரம் பிரிண்டர் மேல தப்பு இல்லை, அதோட ஐபி (நெட்வொர்க் முகவரி) மாறியிருக்கும். ரூட்டர்ல ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஐபியை ரிசர்வ் பண்ணிட்டா அந்தப் புகார் நிக்கும். பார்கோடு பிரிண்டர் ஒரு லேபிள் அடிச்சு ஒரு லேபிள் வெறுமையா விட்டா சென்சார் கேலிபரேட் பண்ணணும். ரோல் அளவு மாத்தும்போதெல்லாம் இது வரும், பேக்கிங்ல இருக்கறவங்களே பண்ணப் பழகிக்கலாம். ரிப்பன் மாத்தும்போது ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைக்கணும். பிளேடு வெச்சு சுரண்டக் கூடாது.

#10 – தனிவழி

ஏஎம்சியே வேண்டாம்ங்கறது என் கருத்து. 11 மெஷின்தானே, உள்ளூர்ல ஐடிஐ முடிச்ச பையனை வாரம் ரெண்டு நாள் பார்ட் டைமா வைங்க, மிச்சத்துக்கு அந்த 500 ரூபா பார்ட்டி.

#11 – கோவை_சர்வீஸ்

அந்தக் கணக்கு வேறு மாதிரி முடியும். முதல் பார்ட்டியின் தொகையை 12 மாதத்துக்குப் பிரித்தால் வரி போக மாதம் 1,375. வாரம் இரண்டு நாள் என்றால் மாதம் எட்டு நாள்; அந்தக் காசுக்கு எவர் வருவார்? இரண்டாவது, அந்தப் பையன் வேலையை விட்டுப் போகும்போது எல்லாப் பாஸ்வேர்டும் அவன் போனில் போகும். 500 ரூபாய் பார்ட்டி நல்லவராகவே இருக்கலாம், ஆனால் சனிக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது ஒப்பந்தம் போட்டவர்களிடம்தான் முதலில் போவார். மாதம் மூன்று தடவைக்கு மேல் ஆளைக் கூப்பிட வேண்டி வரும் என்றால் ஒப்பந்தம் மலிவு, இல்லையென்றால் தனிவழி சொல்வதும் தப்பில்லை.

#12 – லெட்ஜர்_அக்கா

பாஸ்வேர்டு பேச்சு வந்ததால இதையும் சேர்த்துக்கோங்க. டொமைன் யார் பேர்ல பதிவாகியிருக்கு, மெயில் அட்மின் லாகின், ரூட்டர், டிவிஆர், டேலி, ஒவ்வொரு மெஷினோட அட்மின் பாஸ்வேர்டு. எல்லாம் ஒரு நோட்டுல, முதலாளி பீரோவுல. சர்வீஸ்காரருக்கு தனி அட்மின் யூசர் போட்டுக் குடுங்க, உங்க யூசரைக் குடுக்காதீங்க. அவர் விலகின அன்னிக்கே அதை அணைச்சுடலாம்.

புது லேப்டாப்புக்கு முதல் லாகின் அவர் தன்னோட மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போட விடாதீங்க. விண்டோஸ் 11 புதுசா போடும்போது டிஸ்க் தானாவே என்கிரிப்ட் ஆகிடலாம், அதுக்கான 48 இலக்க மீட்புச் சாவி எந்த அக்கவுண்ட்ல நுழைஞ்சாங்களோ அதுல போய் உக்காரும். போர்டு மாத்தினாலோ பயோஸ் அப்டேட் பண்ணினாலோ மெஷின் அந்தச் சாவியைக் கேக்கும். இல்லைன்னா உள்ள இருக்கற டேட்டா போனது போனதுதான். கம்பெனி பேர்ல ஒரு அக்கவுண்ட், சாவியை பிரிண்ட் எடுத்து அதே நோட்டுல.

எனிடெஸ்க் மாதிரி ரிமோட் மென்பொருள்ல ஆள் இல்லாமலே நுழையற பாஸ்வேர்டை எடுத்துடச் சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் நம்ம ஆள் "சரி" அழுத்தின பிறகுதான் அவர் உள்ள வரணும். பேங்க் பக்கம் திறந்திருக்கும்போது ரிமோட் வேண்டவே வேண்டாம். பணம் போயிட்டா உடனே 1930க்கு (சைபர் மோசடி புகார் எண்) அடிங்க, நேரம் ஆக ஆக பணத்தை நிறுத்தற வாய்ப்பு குறையும்.

#13 – பனியன்_கணக்கு

முதல் பார்ட்டியையே போடறோம்ங்க, நீங்க சொன்ன வரிங்களைச் சேர்த்து. சனி மாலை, காலாண்டுப் பணம் ரெண்டும் ஒத்துக்கிட்டார். டிஸ்க் வெளியே போகக் கூடாதுங்கறதுக்கு கொஞ்சம் முனகினார், ரசீதுக்கு ஒத்துக்கிட்டார். டேலி டேட்டாவை ஐ5க்கு மாத்தியாச்சு. இப்ப புதுப் பிரச்சனை: அந்த ஐ5ல இருக்கற ஷேர் ஃபோல்டர் ரெண்டு மெஷினுக்குத் திறக்கவே மாட்டேங்குது. அந்த ரெண்டு மெஷின்லயும் இருக்கறது விண்டோஸ் 11, 24எச்2 வெர்ஷன். முன்ன பாஸ்வேர்டு இல்லாமலே திறந்துச்சு.

#14 – கேபிள்_தம்பி

அதுதான் காரணம் அண்ணா. 24எச்2ல புரோ எடிஷன்ல பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவை அடைச்சுட்டாங்க, எஸ்எம்பி சைனிங்கையும் (ஃபோல்டர் ஷேர்ல வர்ற தகவல் வழியில மாறலைன்னு சரிபாக்கறது) கட்டாயமாக்கிட்டாங்க. நெட்ல தேடினா ரெண்டையும் அணைக்கற வழி வரும், அதைப் பண்ணாதீங்க.

டேலி மெஷின்ல "டேலியூசர்"னு ஒரு லோக்கல் யூசர், பாஸ்வேர்டோட உருவாக்குங்க. டேட்டா ஃபோல்டருக்கு அந்த யூசருக்கு மட்டும் எழுதற அனுமதி, ஷேரிங் டேப்லயும் செக்யூரிட்டி டேப்லயும் ரெண்டு இடத்துலயும் குடுக்கணும். "எவ்ரிஒன்" இருந்தா எடுத்துடுங்க. மத்த மெஷின்ல கண்ட்ரோல் பேனல், கிரெடென்ஷியல் மேனேஜர், விண்டோஸ் கிரெடென்ஷியல்ல டேலி மெஷின் பேரையும் இந்த யூசரையும் சேர்த்துட்டு ஒரு தடவை ரீஸ்டார்ட். நெட்வொர்க் "பப்ளிக்"னு இருந்தா "பிரைவேட்" ஆக்குங்க. அப்பவும் லைசென்ஸ் எடுக்கலைன்னா டேலி மெஷின் ஃபயர்வால்ல 9999 போர்ட்டை உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்து விடுங்க. பேக்கப் மெஷினுக்கு வேற யூசர், படிக்கற அனுமதி மட்டும்.